கெட்ட பாட்டரியைத் திரும்ப வாங்கிய எடிசன்

1904-ம் ஆண்டு. அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாகாணத்தில், ஒரு பாட்டரித் தொழிற்சாலை திடீரென்று மூடப்பட்டது.

சரக்கு விற்கவில்லையா? நன்றாகவே விற்றது. ஆர்டர்கள் வந்த வண்ணம் இருந்தன. தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்களா? அதுவும் இல்லை.

தொழிற்சாலையை மூடியவர் அதன் முதலாளியே!

விற்ற பாட்டரிகளில் சில ஒழுகின. சிலவற்றின் சக்தி சீக்கிரமே குறைந்துவிட்டது. இது முதலாளியின் காதுக்கு எட்டியது. குறையைக் கண்டுபிடித்துத் தீர்க்கும் வரை இனி ஒரு பாட்டரியும் வெளியே போகக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். பழுதான பாட்டரிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வாங்கியவர்களுக்குத் தம் கையிலிருந்தே பணத்தைக் கொடுத்தார்.

அந்த முதலாளி யார் தெரியுமா? மின்சார விளக்கையும் கிராமபோன் பெட்டிக்கு மூலமான பேசும் யந்திரத்தையும் உலகுக்குத் தந்த தாமஸ் ஆல்வா எடிசன்தான்.

விளக்கின் கதையை எல்லோரும் அறிவார்கள். பாட்டரியின் கதையை அறிந்தவர்கள் சிலரே. ஆனால் எடிசன் தம் வாழ்நாளில் மிகவும் பாடுபட்டது எதற்காக என்று கேட்டால், அது இந்தப் பாட்டரிக்காகத்தான். பத்து ஆண்டு உழைப்பையும், பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தையும் அது விழுங்கியது.

ரயிலில் ஒரு சோதனைச்சாலை

எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி ஒகையோ மாகாணத்தில் மிலான் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஏழாவது பிள்ளை, கடைக்குட்டி.

பள்ளிக்கூடத்தில் அவர் அதிக காலம் படிக்கவில்லை. ஆசிரியருக்கு இந்தப் பையனைப் பிடிக்கவில்லை. மந்த புத்தி என்று நினைத்தார். தாயார் நான்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளியிலிருந்து மகனை அழைத்து வந்து, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

பையனுக்கு மின்சாரத்தில் அளவு கடந்த ஆசை. பூனையைத் தேய்த்தால் மின்சாரம் வரும் என்று எங்கோ கேள்விப்பட்டு, இரண்டு பெரிய பூனைகளைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. மின்சாரம் வரவில்லை. நகக் கீறல்தான் மிச்சம்!

12 வயதில் ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கப் போனார். கிடைத்த காசில் ரசாயனப் பொருள்களையும் பழைய பாட்டரிகளையும் வாங்கினார். ரயிலின் சாமான் பெட்டியில் ஒரு மூலையைப் பிடித்து, அதையே சோதனைச்சாலை ஆக்கினார். ஒரு நாள் பாஸ்பரஸ் துண்டு கீழே விழுந்து தீப்பிடித்தது. கண்டக்டர் பையனையும் அவன் சாமான்களையும் ரயிலை விட்டு இறக்கிவிட்டார்.

1862-ல் ஒரு நல்ல திருப்பம் ஏற்பட்டது. ஸ்டேஷன் மாஸ்டரின் சின்னக் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக் கொண்டிருந்தது. ரயில் பெட்டி ஒன்று அதை நோக்கி உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்து குழந்தையைக் காப்பாற்றினார். நன்றிக் கடனாக, ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்குத் தந்தி அடிக்கும் வேலையைக் கற்றுக் கொடுத்தார்.

பாட்டரி அறையில் படுக்கை

அந்தக் காலத்தில் தந்தி ஆபீஸ் என்றால் பாட்டரி அறை இல்லாமல் இராது. மின்சாரக் கம்பிகள் இன்னும் ஊருக்குள் வரவில்லை. தந்தி போக வேண்டுமானால் பாட்டரிதான் கதி.

அந்தப் பாட்டரிகளைச் சும்மா விட முடியாது. ஜாடியில் உள்ள துத்தநாகத் தகடு தேய்ந்துகொண்டே வரும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். தேய்ந்து போனால் புதுத் தகடு போட வேண்டும். உள்ளே இருக்கும் திரவத்தை மாற்ற வேண்டும். இப்படிச் செய்தால் செத்த பாட்டரி மறுபடியும் உயிர் பெறும். பழைய பாட்டரியைப் புதுப்பிப்பது அந்த ஆபீஸ்களில் அன்றாட வேலை.

எடிசன் இதையெல்லாம் பார்த்துப் பழகினார். அதனால் ஒரு முறை வேலையும் போயிற்று!

லூயிவில் நகரத்துத் தந்தி ஆபீசில் அவருக்கு இரவு வேலை. ஓய்வு நேரத்தில் ஏதாவது சோதனை செய்துகொண்டிருப்பார். ஒரு நாள் இரவு கந்தகத் திராவகம் கை தவறிக் கொட்டிவிட்டது. திராவகம் பலகைத் தரையின் இடுக்கு வழியாக இறங்கி, கீழ்த் தளத்தில் மேலதிகாரியின் மேஜைமேல் சொட்டியது. மறு நாள் காலை மேலதிகாரி வந்து பார்த்தார். எடிசனுக்குச் சீட்டுக் கிழிந்தது.

1869-ல் அவர் நியூயார்க் நகரத்துக்கு வந்தார். கையில் காசு இல்லை. தங்க இடம் இல்லை. தங்கத்தின் விலையைக் கம்பி மூலம் வியாபாரிகளுக்கு அறிவிக்கும் கம்பெனி ஒன்று அங்கே இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர் இரக்கப்பட்டு, கம்பெனியின் பாட்டரி அறையில் இரவில் படுத்துக்கொள்ள அனுமதித்தார்.

இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகியிராது. கம்பெனியின் பெரிய யந்திரம் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான வியாபாரிகளின் ஆட்கள் வாசலில் கூடிக் கூச்சல் போட்டார்கள். என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியவில்லை. எடிசன் உற்றுப் பார்த்தார். ஒரு சிறு கம்பிச் சுருள் உடைந்து, இரண்டு பல் சக்கரங்களுக்கு இடையே விழுந்து கிடந்தது. அதை எடுத்தார், யந்திரம் ஓடியது. மாதம் 300 டாலர் சம்பளத்தில் அவருக்கு அங்கேயே வேலை கிடைத்தது.

நின்று போன யந்திரத்தைக் கண்டால் எல்லோரும் பதறுவார்கள். அது ஏன் நின்றது என்று எடிசன் பார்ப்பார். இந்தக் குணம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

புகழும் நஷ்டமும்

அதற்குப் பிறகு நடந்ததை உலகமே அறியும். 1877-ல் பேசும் யந்திரம். 1879-ல் மின்சார விளக்கு. 1882-ல் நியூயார்க்கில், பெர்ல் தெருவில் மின்சார நிலையம். எடிசன் பெயர் உலகம் எங்கும் பரவியது.

ஆனால் நஷ்டமும் அவரைத் தேடி வந்தது. நியூ ஜெர்சியில் ஆக்டன் என்ற இடத்தில், மலைப் பாறையைப் பொடி செய்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து எடுக்கும் தொழிலை நடத்தினார். பத்து ஆண்டுகள் பாடுபட்டார். அதற்குள் வேறு மாகாணத்தில் உயர்ந்த ரக இரும்புத் தாது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. எடிசனின் இரும்பை வாங்க ஆள் இல்லை. 20 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று.

வேறொருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். எடிசன் என்ன செய்தார்? பாறை உடைக்க அங்கே கண்ட வழிகளைச் சிமெண்டுத் தொழிலுக்குப் பயன்படுத்திக் கொண்டார். இரும்பில் தோற்றது சிமெண்டில் உதவியது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனம் பாட்டரியின் பக்கம் திரும்பியது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ஈயப் பாட்டரிக்கு வரும் நோய்

1900-ம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் சுமார் 4,200. அவற்றில் 1,500-க்கு மேற்பட்டவை மின்சார வண்டிகள்! பெட்ரோல் வண்டிகள் அதைவிடக் குறைவு. பெட்ரோல் வண்டி புகை கக்கும், சத்தம் போடும். அதைக் கிளப்பக் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். பிடி திரும்பி அடித்தால் கை முறியும். மின்சார வண்டியில் இந்தத் தொல்லைகள் இல்லை.

ஆனால் அதன் பாட்டரியில் தொல்லை இருந்தது.

அது ஈயப் பாட்டரி. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859-ல் கண்டுபிடித்தது. ஈயத் தகடுகள் கந்தகத் திராவகத்தில் நிற்கும். மின்சாரத்தை எடுக்க எடுக்க, தகடுகளின்மேல் ஒருவித ஈய உப்பு படியும். மறுபடி மின்சாரம் ஏற்றினால் அந்த உப்பு கரைந்து, தகடுகள் பழைய நிலைக்கு வரும்.

சார்ஜ் இல்லாமல் பல நாள் போட்டு வைத்தால் என்ன ஆகும்? உப்பு இறுகிக் கற்கண்டு போலப் படிகம் ஆகிவிடும். பிறகு மின்சாரம் ஏற்றினாலும் எளிதில் கரையாது. பாட்டரி செத்துப் போயிற்று என்று சொல்வார்கள். படிகம் அதிகம் இறுகாமல் இருந்தால், மிகக் குறைந்த மின்சாரத்தை மெதுவாக, பல மணி நேரம் ஏற்றிப் பார்க்கலாம். ஓரளவு பலம் திரும்பும்.

தகட்டின் பூச்சே உதிர்ந்து அடியில் வண்டலாக விழுந்திருந்தால், அந்த வைத்தியம் பலிக்காது. பாட்டரியைப் பிரித்துத் தகடுகளையே மாற்ற வேண்டும். கார்கள் பெருகிய பிறகு அமெரிக்க நகரங்களில் இதற்கென்றே கடைகள் தோன்றின. பாட்டரிப் பெட்டியைத் திறந்து, வண்டலைக் கழுவி, தகடுகளுக்கு நடுவே இருக்கும் மரச் சில்லுகளை மாற்றி, உடைந்த ஈய இணைப்புகளை உருக்கி ஒட்டிக் கொடுத்தார்கள். வாங்குகிறவருக்குப் புது பாட்டரியின் செலவு மிச்சம், கடைக்காரருக்கு வருமானம்.

ஆனால் அந்த வருமானத்துக்கு ஒரு விலை இருந்தது. ஈயத் தூளும் ஈயப் புகையும் உடம்பில் சேர்ந்தால் விஷம். வயிற்று வலி, இரத்தசோகை, கை விழுதல் என்று ஈயத் தொழிலாளர்கள் பலர் நோய்ப்பட்டார்கள்.

எடிசன் ஈயப் பாட்டரியை என்றுமே விரும்பியதில்லை. 1880-களிலேயே அதைக் கடுமையாகப் பரிகசித்தவர் அவர். ஈயம் கனமானது. திராவகம் தான் இருக்கும் பாத்திரத்தையே அரிக்கும். அரிக்கிற பொருளை வைத்து, நீடித்து உழைக்கும் சாமானை எப்படிச் செய்வது? ஈயமும் வேண்டாம், திராவகமும் வேண்டாம் என்று முடிவு கட்டினார்.

தோல்விமேல் தோல்வி

திராவகத்துக்கு எதிரானது காரம். சோப்புச் செய்யப் பயன்படும் பொட்டாஷ் காரத்தை நீரில் கரைத்து, அதில் எந்த உலோகங்களை வைத்தால் மின்சாரம் தங்கும் என்று தேடத் தொடங்கினார்.

செம்பை வைத்தார். கோபால்டை வைத்தார். காட்மியத்தை வைத்தார். ஒன்று விலை அதிகம். ஒன்று கரைந்து போகும். ஒன்று சில நாளில் சோர்ந்து போகும். அவரும் உதவியாளர்களும் இரவும் பகலும் சோதனை செய்தார்கள். எடிசன் வீட்டுக்குப் போகாமல் மேஜையின்மேலேயே படுத்துத் தூங்குவது உண்டு. சோதனைகள் பத்தாயிரத்தைத் தாண்டின என்று கூட இருந்தவர்கள் கணக்குச் சொன்னார்கள்.

கடைசியில் இரண்டு பொருள்கள் நிலைத்தன. ஒன்று நிக்கல், மற்றொன்று இரும்பு. மலையில் இரும்பைத் தேடி நஷ்டப்பட்டவர், பாட்டரிக்குள் இரும்பைக் கண்டார்!

இதே சமயத்தில் சுவீடன் நாட்டில் யுங்னர் என்ற விஞ்ஞானியும் இதே பாதையில் போய்க்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறியாமல் தொடங்கியவர்கள், பிறகு உரிமைக்காக வழக்காடும்படி ஆயிற்று. நிக்கல் பாட்டரியின் பெருமையில் யுங்னருக்கும் பங்கு உண்டு.

1901-ல் எடிசன் பாட்டரிக் கம்பெனியைத் தொடங்கினார். 1903-ல் விற்பனை ஆரம்பமாயிற்று. பத்திரிகைகள் புகழ்ந்தன. ஈயத்தின் காலம் முடிந்தது என்று எழுதின.

பிறகுதான் அடி விழுந்தது. பெட்டிகளில் பற்றவைத்த இடங்கள் விட்டுக்கொண்டு காரநீர் ஒழுகியது. அதைவிட மோசமான குறை இன்னொன்று. சில பாட்டரிகள் நன்றாக உழைத்தன. சில பாட்டரிகள் தம் சக்தியில் பெரும் பங்கை இழந்தன. ஏன் என்று விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில் எடிசன் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு விற்றிருக்கலாம். வாங்குவதற்கு ஆள் இருந்தது. அவர் பெயர் ஒன்றே போதும், சரக்குப் போய்விடும். ஆனால் அந்தப் பெயரை நம்பித்தானே ஜனங்கள் வாங்கினார்கள்? ஆகவே 1904-ன் கடைசியில் தொழிற்சாலைக் கதவை இழுத்துப் பூட்டினார்.

நிக்கல் இதழ்கள்

கதவு மூடியது, சோதனைச்சாலை மூடவில்லை. மேலும் ஐந்து ஆண்டுகள் ஓடின.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தார்கள். நிக்கல் பொருள் தானாக மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதோடு கிராபைட்டுத் தூளைக் கலந்திருந்தார்கள். அந்தத் தூள் நாளடைவில் கெட்டு, தொடர்பு விட்டுப் போயிற்று. பாட்டரி சோர்ந்ததற்கு இதுவே காரணம்.

கிராபைட்டுக்குப் பதில் என்ன? சுத்தமான நிக்கல் உலோகத்தையே மிக மெல்லிய இதழாகச் செய்ய வேண்டும். எப்படி? இங்கே எடிசனின் மூளை வேலை செய்தது. செம்பு ஒரு பூச்சு, நிக்கல் ஒரு பூச்சு, மறுபடி செம்பு, மறுபடி நிக்கல் என்று மின்சார முலாம் பூசிக்கொண்டே போனார். பிறகு அந்தத் தகட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, செம்பை மட்டும் கரைக்கும் திரவத்தில் போட்டார். செம்பு கரைந்தது. நிக்கல் இதழ்கள், ஊதினால் பறக்கும் அளவுக்கு மெல்லியவை, தனித்தனியாக மிதந்தன.

சிறு துளைகள் போட்ட எஃகுக் குழாயில் நிக்கல் பொருளையும் நிக்கல் இதழையும் மாற்றி மாற்றி, நூற்றுக்கணக்கான அடுக்குகளாக வைத்து இறுக்கினார். மற்றொரு தகட்டில் இரும்புப் பொருளை வைத்தார். காரநீரில் லிதியம் என்ற பொருளின் காரத்தையும் சிறிது சேர்த்தார். எல்லாவற்றையும் எஃகுப் பெட்டியில் அடைத்தார்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. யந்திரத்தில் வைத்துத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து கீழே எறிந்துகூடப் பார்த்தார்கள். வண்டியில் பூட்டி, மேடு பள்ளமான சாலைகளில் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டினார்கள். பாட்டரி தாங்கியது.

1909-ல் புதிய பாட்டரி விற்பனைக்கு வந்தது. எடிசனுக்கு வயது 62.

மாற்றினால் மறுபிறவி

எடிசன் பாட்டரியின் விலை ஈயப் பாட்டரியைவிட அதிகம். ஆனாலும் கணக்குப் பார்த்தவர்கள் அதை வாங்கினார்கள். ஏன்?

அது எளிதில் சாகாது. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தாலும் தகடு கெடாது. ஈயப் பாட்டரிக்கு வரும் உப்பு நோய் இதற்கு வராது.

அதற்கும் முதுமை உண்டு. மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் காற்றில் கரியமில வாயு இருக்கிறது. காரநீர் அதை உறிஞ்சிக் கொள்ளும். ஆண்டுகள் செல்லச் செல்ல, காரநீரின் வீரியம் குறையும். பாட்டரி சோர்ந்துவிடும். ஆனால் சோர்ந்தது நீர்தான். உள்ளே நிக்கலும் இரும்பும் அப்படியே இருக்கும்.

அப்படியானால் நீரை மாற்றினால் போதும் அல்லவா? அதைத்தான் எடிசன் கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களுக்குக் கற்றுக் கொடுத்தது.

ஹைட்ரோமீட்டர் என்னும் மிதவைக் குழாயால் காரநீரின் அடர்த்தியை அளப்பார்கள். நல்ல நீர் 1.200 காட்டும். அது 1.160-க்கு இறங்கினால் மாற்றும் வேளை வந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் பாட்டரியில் மிச்சம் உள்ள மின்சாரத்தை முழுவதும் இறக்கிவிடுவார்கள். பழைய நீரைக் கொட்டுவார்கள். தகடுகள் காற்றில் காயாதபடி, உடனே புதிய காரநீரை ஊற்றுவார்கள். பிறகு வழக்கத்தைவிட நீண்ட நேரம் மின்சாரம் ஏற்றுவார்கள். கிழப் பாட்டரி எழுந்து உட்காரும்!

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. திராவகம் பட்ட புனலையோ ஜாடியையோ இந்தப் பாட்டரிக்குப் பயன்படுத்தக் கூடாது. கொஞ்சம் திராவகம் கலந்தாலும் பாட்டரி கெட்டுவிடும். காரநீரும் சாமானியமானது அல்ல. தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும். குறைந்த நீருக்கு வடித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். குழாய் நீர் உதவாது.

இந்த முறையினால் பல எடிசன் பாட்டரிகள் பல பத்தாண்டுகள் உழைத்தன. முதலாளி மாறினார், வண்டி மாறியது, பாட்டரி மாறவில்லை.

கார் கைவிட்டது

விதி ஒரு வேடிக்கை செய்தது. எந்த வண்டிக்காக எடிசன் பாடுபட்டாரோ, அந்த மின்சாரக் கார் மறையத் தொடங்கியது.

காரணம் ஹென்றி போர்டு. அவர் முன்பு எடிசன் பெயரில் நடந்த டிட்ராயிட் மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர். 1896-ல் ஒரு விருந்தில் போர்டு தம் பெட்ரோல் வண்டியைப் பற்றிச் சொன்னபோது, அதை விடாமல் செய்யும்படி தட்டிக் கொடுத்தவர் எடிசனே! 1908-ல் போர்டின் மலிவான கார் வந்தது. 1912-ல் கையால் சுழற்றாமல் மின்சாரத்தால் காரைக் கிளப்பும் கருவியும் வந்தது. அந்தக் கருவிக்கு ஒரே நொடியில் பெரிய அளவு மின்சாரம் வேண்டும். அதை ஈயப் பாட்டரி கொடுக்கும். எடிசன் பாட்டரியால், அதுவும் குளிர் காலத்தில், கொடுக்க முடியவில்லை.

ஈயம் ஜெயித்தது. போர்டு தம் பழைய முதலாளியை மறக்கவில்லை. பாட்டரி வேலைக்காக எடிசனுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்தார். இருவரும் சேர்ந்து மலிவான மின்சாரக் கார் செய்யத் திட்டம் போட்டார்கள். அது நிறைவேறவில்லை.

எடிசன் கலங்கினாரா? வேறு வாசலைத் தட்டினார். ரயில் பெட்டி விளக்குகளுக்கும், ரயில்வே சிக்னல்களுக்கும், சாமான் வண்டிகளுக்கும், கப்பல்களுக்கும் அந்தப் பாட்டரி போயிற்று. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, தொப்பியில் மின்சார விளக்கை மாட்டிக்கொண்டார்கள். முன்பு அவர்கள் தொப்பியில் எரிந்தது திறந்த சுடர். சுரங்க வாயுவில் அந்தச் சுடர் பட்டு வெடித்து மாண்டவர்கள் ஏராளம். எடிசனின் விளக்கால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. முடிவில், அவர் தொழில்களில் நல்ல லாபம் கொடுத்தவற்றில் பாட்டரியும் ஒன்றாயிற்று.

நீர்மூழ்கிக் கப்பலில் வெடி

ஒரு சோகமும் நடந்தது.

நீர்மூழ்கிக் கப்பலில் கடல் நீர் புகுந்து ஈயப் பாட்டரியின் திராவகத்தோடு கலந்தால், நச்சு வாயு கிளம்பும். எடிசன் பாட்டரியில் அந்த ஆபத்து இல்லை. ஆகவே அமெரிக்கக் கடற்படை ஈ-2 என்ற கப்பலில் எடிசன் பாட்டரிகளை வைத்துச் சோதித்தது.

1916-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி. நியூயார்க் கப்பல் துறையில் நின்ற அந்தக் கப்பலுக்குள் பயங்கர வெடி வெடித்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிலர் மாண்டார்கள். சிலர் படுகாயம் அடைந்தார்கள்.

பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுதான் எமன். ஈயப் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றினாலும் இந்த வாயு கொஞ்சம் வரும். எடிசன் பாட்டரியில் அதிகம் வரும். காற்றோட்டம் இருந்தால் கலைந்து போகும். மூடிய இடத்தில் சேர்ந்தால், ஒரு சிறு பொறி போதும். காற்றோட்டம் போதவில்லை என்று கம்பெனி வாதாடியது. ஆனால் கடற்படையின் நம்பிக்கை போய்விட்டது. எடிசன் நெடுநாள் எதிர்பார்த்த பெரிய வியாபாரமும் போயிற்று.

பழைய பாட்டரியைத் திறந்து பழுது பார்க்கிறவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது. அது திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை. அருகில் பீடியோ நெருப்போ கூடாது. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். குழந்தைகளை அண்ட விடக் கூடாது.

விளக்குகள் மங்கின

எடிசன் கடைசி வரை உழைத்தார். அமெரிக்காவில் மட்டும் அவர் பெற்ற காப்புரிமைகள் 1,093. 1931-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, 84-வது வயதில், நியூ ஜெர்சியில் வெஸ்ட் ஆரஞ்சு என்ற ஊரில் தம் வீட்டில் காலமானார். அடக்கம் நடந்த 21-ந் தேதி இரவு, ஜனாதிபதி ஹூவரின் வேண்டுகோள்படி, அமெரிக்க மக்கள் தங்கள் வீட்டு விளக்குகளை ஒரு நிமிஷம் அணைத்து அஞ்சலி செலுத்தினார்கள்.

அவர் பாட்டரி அவருக்குப் பின்னும் வாழ்ந்தது. அந்தத் தொழிலை 1972-ல் ஈயப் பாட்டரிக்குப் பேர்போன எக்சைடு கம்பெனி வாங்கியது. 1975-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் வேறு கம்பெனிகள் நிக்கல் இரும்புப் பாட்டரியைச் செய்கின்றன. சூரிய ஒளி மின்சாரத்தைச் சேமிக்கச் சிலர் அதை விரும்பி வாங்குகிறார்கள். 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் எடிசனின் பாட்டரியையே எடுத்து, அதற்குப் புதுவிதக் கரியைச் சேர்த்து, மிக வேகமாகச் சார்ஜ் ஆகும்படி செய்து காட்டினார்கள். நூறாண்டுக்கு முந்திய பொருள் மறுபடியும் சோதனைச்சாலைக்கு வந்தது!

பாட்டரி ஓய்ந்துவிட்டால் உடனே தூக்கி எறியலாம். அல்லது எதையாவது ஊற்றிப் பளபளப்பாக்கி, ஏமாந்தவர் தலையில் கட்டலாம். எடிசன் இரண்டையும் செய்யவில்லை. அது ஏன் ஓய்ந்தது என்று கேட்டார். விடை கிடைக்க ஐந்து ஆண்டு ஆயிற்று. அந்த ஐந்து ஆண்டுக்குப் பிறகு அவர் விற்ற பாட்டரிகள், வாங்கியவர்களின் பேரன் காலத்திலும் நீர் மாற்றிக் கொடுத்தால் விளக்கு எரித்தன.